மறுப்பு அறிக்கை மட்டும் போதாது

வணக்கம். கவுன்சிலரான உங்கள் சித்தியின் பேச்சில் 20 விநாடியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள், பத்திரிகைகளுக்கு மறுப்பு அறிக்கை கொடுத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வீடியோவைப் பார்த்தவர்களில் பலர் அறிக்கையைப் படிக்கவே மாட்டார்கள். முன்னும் பின்னும் சேர்த்து, அதே பேச்சின் ஒரு நிமிடத் துண்டை இன்றைக்கே வெளியிடுங்கள். வெட்டிய வீடியோவை அதில் காட்டவே வேண்டாம். நீங்களே பரப்பியது போல ஆகிவிடும்.

அப்புறம், அந்த வெட்டிய வீடியோவில், பலமுறை ஃபார்வர்டு ஆனதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி வந்துவிட்டதா பாருங்கள். அப்படிப் பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கொண்டுவந்த கட்டுப்பாடு இது. உங்கள் புது வீடியோவுக்குத் தொடக்கத்தில் அந்தத் தடை இருக்காது. வார்டில் உள்ள குழு அட்மின்களுக்குச் சித்தியே தன் எண்ணிலிருந்து அனுப்பட்டும்.