தண்ணி அடித்தவனும் தண்ணி காட்டியவனும்

கேள்வி: டெல்லியில் வளர்ந்த என் மகன் இப்போது சென்னைக் கல்லூரியில் படிக்கிறான். ‘மொக்கை’, ‘பிட்’, ‘பல்பு’ எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டான். ஆனால் வாயைத் திறந்தாலே நண்பர்கள் சிரிக்கிறார்களாம். எங்கே சறுக்குகிறான்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வினைச்சொல்லில். ‘தண்ணி’ ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தால் சரக்கு. காட்டினால், துரத்துகிறவன் கையில் சிக்காமல் ஆட்டம் காட்டுவது. தெளித்துவிட்டால், ‘இனி இவன் எப்படியோ போகட்டும்’ என்று வீட்டார் கைகழுவிவிட்டார்கள். மூன்றிலும் தண்ணி அதே தண்ணிதான்.

பிட் அடிப்பது பரீட்சை ஹாலில். பிட்டைப் போடுவது வேறு: காரியம் ஆகவேண்டிய இடத்தில் சும்மா சொல்வதுபோல் ஒரு வார்த்தையை நழுவவிடுவது. மொக்கை போடுகிறவன் அடுத்தவர் பொறுமையைச் சோதிக்கிறான். மொக்கை வாங்குகிறவனோ நாலு பேர் முன்னால் மூக்குடைபடுகிறான். முனை மழுங்கிய கத்தியைத்தான் மொக்கை என்போம். அதனால் அறுத்தால் அறுபடாது, வலி மட்டும் மிஞ்சும். ‘அறுவை’, ‘பிளேடு’ எல்லாமே அந்தக் கடைச் சரக்குதான்.

பையன் ‘பல்பு போட்டேன்’ என்று சொல்லியிருப்பான். பல்பைப் போடுகிறவர் எலக்ட்ரீஷியன். அசடு வழிகிறவர் வாங்குவார், வழியவைத்தவர் கொடுப்பார். சொல்லைத் தனியாகப் படிக்காமல் வினையோடு ஜோடியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி போதும். புதிதாகக் கேட்ட சொல்லை வேறு இருவர் வாயிலும் கேட்ட பிறகு எடுத்துவிட்டால் பல்பு வாங்க வேண்டியிருக்காது.

கேள்வி: ‘அப்பீட்டு ஆயிட்டான்’ என்கிறார்களே, இது இங்கிலீஷா?
– வாசகர், சேலம்

பதில்: பம்பரம் ஆடியவர்களைக் கேளுங்கள். தரையில் சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் வளைத்து, வெடுக்கென்று மேலே சுண்டி, உள்ளங்கையில் ஏந்துவது அப்பீட்டு. சாட்டை தளர்ந்தால் பம்பரம் எழும்பாது. முந்தி எடுத்தவன் தப்பித்தான். பிந்தியவன் பம்பரம் வட்டத்துக்குள் போய், மற்றவர்கள் பம்பர ஆணியால் ஆக்கர், அதாவது குத்து, வாங்கும். கூட்டத்திலிருந்து நைசாக நழுவுகிறவனுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தானே?

கேள்வி: பேமானி, கஸ்மாலம், கேப்மாரி மூன்றும் கெட்ட வார்த்தைகளா? ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தினமும் விளையாட்டாக எழுதுகிறார்.
– வாசகர், கோவை

பதில்: முதல் இரண்டும் வசவுகள்தான், ஆனால் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். ‘ஈமான்’ என்றால் நம்பிக்கை, நாணயம். முன்னால் பாரசீக ‘பே’ சேர்ந்தால் அது இல்லாமை. உருதுவில் ‘பேஈமானி’ நாணயமின்மையைக் குறிக்கும், ஆளைக் குறிக்காது. சென்னை அந்தக் குணத்தையே ஆளாக்கி ‘டேய் பேமானி’ என்று கூப்பிட்டது. ‘கச்மலம்’ சமஸ்கிருதம்: அழுக்கு, மனச்சோர்வு. கீதையில் இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் சுலோகம் பாருங்கள். வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனிடம் ‘இந்தக் கச்மலம் உனக்கு எங்கிருந்து வந்தது’ என்கிறார் கண்ணன். ஆட்டோ ஸ்டாண்டில் அதைவிடச் சுருக்கமாகக் கேட்பார்கள்.

மூன்றாவதை விடச் சொல்லுங்கள். அது ஒரு சமூகத்தின் பெயர். 1871-ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பை வைத்தே மொத்தச் சமூகங்களையும் குற்றவாளிகள் என்று பதிந்து, கைரேகை எடுத்து வைத்தார்கள். அதில் மாட்டிய பெயர்களில் இதுவும் ஒன்று. சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் நீங்கியது. பெயர் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறது, வசவாகவும் திரிகிறது. ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்பது இங்கே எடுபடாது.

கேள்வி: துட்டு, டப்பு – எது தமிழ்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் இல்லை. டப்பு தெலுங்கு. துட்டு டச்சுக்காரர்களின் ‘டுய்ட்’ என்ற செப்புக்காசு. பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டியவர்கள் விட்டுப்போன சில்லறை.

கேள்வி: நானே ஒரு புதுச்சொல் உருவாக்கினேன்: ‘நெட்டுச்சோம்பேறியிஸம்’. யாரும் சீந்தவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: நீளம் ஒன்று, அறிவாளித்தனம் இரண்டு. கெத்து, மாஸ், பீலா, டுபாக்கூர் எல்லாம் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். நாலைந்து எழுத்துக்குள் நிறுத்துங்கள். போடு, விடு, அடி, வாங்கு, காட்டு – ஏதாவது ஒரு வினையோடு ஒட்ட வேண்டும். சொன்னவுடன் கண்ணில் ஒரு காட்சி தெரிய வேண்டும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தீர்களோ, சொல் அங்கேயே செத்தது.

உதாரணத்துக்கு, வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுப் பதில் போடாதவன் ‘நீலம் காட்டுகிறான்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு டிக்கும் நீலமாவது எல்லோருக்கும் தெரியும். ‘தண்ணி காட்டு’வின் சாயலும் ஒட்டிக்கொள்கிறது. தவறிப்போய் ‘நீலம் போட்டான்’ என்றுவிடாதீர்கள். அது வேட்டி துவைக்கிற வேலை.