உப்புக் காற்றும் இடி மின்னலும்: வீட்டுக் கம்ப்யூட்டர் கேள்வி பதில்

வீட்டுக் கம்ப்யூட்டர் பராமரிப்பு பற்றிக் கேட்டு இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், நடுவில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. இப்படிப்பட்ட ஊரில் வைரஸைவிட ஈரமும் கரண்டும்தான் மெஷினை அதிகமாகக் கெடுக்கின்றன என்பது என் எண்ணம். அந்தக் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு கடலைப் பார்த்த வீடு. சிபியுவின் பின்பக்கம் யூஎஸ்பி ஓட்டைகளெல்லாம் துருப்பிடித்துவிட்டன. சில நாள் பட்டனை அழுத்தினால் ஃபேன் மட்டும் ஓடுகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. நாலு தடவை அழுத்தினால் ஐந்தாவது தடவை வருகிறது. மதர்போர்டு போய்விட்டதா? (வாசகர், குளச்சல்)

மதர்போர்டு போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஃபேன் ஓடி, திரை வராமல், சில நேரம் மட்டும் சரியாக வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேம் (தற்காலிக நினைவகப் பலகை) உட்காரும் இடத்தைத்தான். கடற்காற்றில் வருகிற உப்பு மெல்லிய படலமாகப் படியும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் செம்பு பச்சை பூக்கும், இரும்பு துருப்பிடிக்கும், ரேமின் ஓரத்து உலோகப் பல் வரிசைக்கும் அது செருகும் ஸ்லாட்டுக்கும் நடுவில் தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கேபினெட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் இரண்டு ஓரக் கொக்கிகளையும் விலக்கி ரேமை எடுங்கள். பல் வரிசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, காய்ந்ததும் இரண்டு பக்கமும் கொக்கி விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள், அவசரத்துக்கு அதுவும் வேலை செய்யும்தான், ஆனால் திரும்பத் திரும்பத் தேய்த்தால் மேலே இருக்கும் தங்க முலாம் போய்விடும். கைக்குப் போடுகிற சானிடைசர் வேண்டவே வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுபிசுப்பு தங்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கூடாது, தூசி முழுக்க அதில்தான் ஒட்டும்.

இதற்குப் பிறகும் மெஷினை அதே ஜன்னலோரத்தில் வைத்தால் சில மாதத்தில் இதே கதைதான். கடல் பார்க்காத உள் அறைக்கு மாற்றுங்கள், வெளிச் சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காதீர்கள். பயன்படுத்தாத யூஎஸ்பி ஓட்டைகளுக்குச் சின்ன ரப்பர் மூடி கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிடுங்கள். சூடு ஆறிய பிறகு துணி உறை போடலாம், ஓடும்போது போடக்கூடாது. ஆனி, ஆடி சாரலில் வாரக்கணக்கில் போடாமல் வைக்கிற மெஷின்தான் சீக்கிரம் கெடுகிறது. வேலை இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூட்டிலேயே உள்ளிருக்கும் ஈரம் போய்விடும்.

கேள்வி: போன ஐப்பசியில் இடி விழுந்து மோடமும் கம்ப்யூட்டரின் நெட் போர்ட்டும் போய்விட்டன. யூபிஎஸ் இருந்தும் காப்பாற்றவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், குலசேகரம்)

யூபிஎஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. கரண்ட் போனதும் வேலையைச் சேமித்து, ஒழுங்காக ஷட் டவுன் செய்ய நேரம் கொடுப்பதற்கும், சின்ன ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்கும் செய்த பொருள் அது. மின்னலைத் தடுக்கிற சக்தி அதற்குக் கிடையாது. உங்கள் விஷயத்தில் நெட் போர்ட் போயிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் மின்னல் கரண்ட் கம்பி வழியாக மட்டும் வரவில்லை, நெட் வயர் வழியாகவும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய டெலிபோன் வயர், டிவி கேபிள், பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இழுத்த லேன் கேபிள் எல்லாமே செம்பு, மின்னலுக்கு நல்ல பாதை. ஃபைபர் என்றால் உள்ளே இருக்கிற கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, ஆனால் மோடத்தின் அடாப்டர் கரண்டில்தானே செருகியிருக்கிறது. வெளியில் தொங்குகிற சில ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்கு இரும்புக் கம்பியும் சேர்ந்து வருகிறது.

எனவே மலையடிவாரத்தில் இருப்பவர்கள் சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வானம் கறுக்கத் தொடங்கும்போதே பிளக்கை உருவுங்கள், மோடத்தின் அடாப்டரையும் கம்ப்யூட்டருக்கு வருகிற லேன் வயரையும் சேர்த்து. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, சுவிட்சுக்குள் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். தலைக்கு மேல் இடிக்கத் தொடங்கிவிட்டால் அப்போது போய் வயரைத் தொடாதீர்கள், மெஷின் போனால் போகட்டும்.

அப்புறம் எர்த். இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் திரும்ப எழுதுவேன். ஸ்பைக் பஸ்டர் (திடீரென்று ஏறும் மின்சாரத்தைத் தடுக்கிற பிளக் பெட்டி) நல்லதாக இருந்தாலும் அதிக மின்சாரத்தைத் தள்ளிவிட அதற்கு ஒழுங்கான எர்த் வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அது வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டிதான். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் எர்த் சரியில்லை, உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும், அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

யூபிஎஸ் பேட்டரி இரண்டு, மூன்று வருஷத்தில் தேய்ந்துவிடும். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள், உடனே கம்ப்யூட்டர் அணைந்தால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள்.

கேள்வி: ஆரல்வாய்மொழிக் காற்றில் வீடெல்லாம் தூசி. வேக்குவம் கிளீனரால் கேபினெட்டின் உள்ளே உறிஞ்சலாமா? (வாசகி, தோவாளை)

வேண்டாம், அதன் முனையில் உருவாகும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்கலாம். வராந்தாவுக்குக் கொண்டுவந்து சின்ன புளோயரால் ஊதுங்கள், மூலைகளுக்குப் புது பெயிண்ட் பிரஷ் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றினால் பேரிங் கெடும். காற்றுக் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மற்ற நாளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 2016-ல் வாங்கிய கம்ப்யூட்டர், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுக் காபி குடித்து வந்தாலும் திறந்திருக்காது. கடையில் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். எனக்குத் தமிழில் டைப் செய்யவும் செய்தி படிக்கவும்தான் வேண்டும். (வாசகர், தக்கலை)

சார், புதிது வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே அதில் டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நின்றுகொண்டிருந்தால் உங்கள் பழைய, சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான் மெஷினைப் பிடித்து இழுக்கிறது. அதற்குப் பதில் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றுகிற பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று போட்டு, ரேமை 8 ஜிபியாகவும் மாற்றினால் புது கம்ப்யூட்டர் விலையில் ஒரு சின்னப் பங்கில் வேலை முடிந்துவிடும். காபி போடக்கூட நேரம் இருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். ரேம் வாங்கும்போது உங்கள் போர்டுக்கு எந்த வகை ரேம், டிடிஆர் 3-ஆ, 4-ஆ என்று பார்த்து வாங்க வேண்டும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

காசு செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், ஆன் செய்ததும் தானாக ஓடுகிறவற்றில் உங்களுக்குத் தேவையில்லாததை டிஸேபிள் செய்யுங்கள். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் ஒன்றை நீக்குங்கள், விண்டோஸுடன் வருகிற டிஃபெண்டரே உங்கள் உபயோகத்துக்குப் போதும். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்) சுத்தம் செய்கிறேன், வேகத்தைக் கூட்டுகிறேன் என்று வருகிற புரோகிராம்களைத் தொடவே தொடாதீர்கள். வாரம் ஒருமுறை ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால் ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, ரீஸ்டார்ட்டில்தான் முழுதாக மூடித் திறக்கும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப்பும் வேண்டும், உங்கள் 2016 மெஷினில் அது இருக்காது. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறோம் என்பார்கள், பின்னால் அப்டேட்டில் சிக்கல் வரும். எஸ்எஸ்டி போட்ட பிறகு அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடச் சொல்லுங்கள். காசு கிடையாது, தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு, உங்கள் இரண்டு வேலையும் அதில் நன்றாக நடக்கும். பழைய டிஸ்க்கை மட்டும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், கையோடு வாங்கி வாருங்கள்.

கேள்வி: தினமும் ஆன் செய்யும்போது தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, வெப்சைட்களும் எச்சரிக்கை காட்டுகின்றன. (வாசகர், மார்த்தாண்டம்)

மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. விலை மிகக் குறைவு, மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்தால் போதும்.

கேள்வி: லேப்டாப்பை எந்நேரமும் சார்ஜரிலேயே வைக்கலாமா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

தம்பி, வைக்கலாம், ஆனால் லேப்டாப் கம்பெனி தந்திருக்கிற செட்டிங்கில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி மாற்றிவிடுங்கள். மெத்தையில் வைத்து ஓட்டாதீர்கள், அடியில் காற்றுப் போகிற வழி அடைபட்டுச் சூடேறும், அந்தச் சூடுதான் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். பேட்டரி உப்பி டச்பேட் மேலே எழும்பியிருந்தால் சார்ஜ் போடுவதை அப்போதே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: கணவர் வளைகுடாவில். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். இரண்டு நாளாக உள்ளிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது. ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். (வாசகி, முட்டம்)

சகோதரி, ஃபார்மட் அடிக்க விடாதீர்கள். யார் சொன்னாலும் விடாதீர்கள். இது ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே இருக்கிற பாகம் கெடுகிற சத்தம், ஃபார்மட் செய்து அது குணமாகாது, போட்டோதான் போகும். கம்ப்யூட்டரை இப்போதே அணைத்து வையுங்கள், ஆன் செய்கிற ஒவ்வொரு நிமிஷமும் டிஸ்க்குக்குச் சேதம்தான். முதலில் வெளியே வைக்கிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிவிட்டு, அதன்பிறகு ஒரே ஒரு முறை ஆன் செய்து பிள்ளைகளின் பழைய படங்களை முதலில் நகலெடுங்கள். சினிமா, பாட்டெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நகலெடுக்கும்போது நின்று நின்று போனாலோ, டிஸ்க்கே தெரியாவிட்டாலோ அத்தோடு நிறுத்திவிட்டு டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள், வீட்டில் திரும்பத் திரும்ப முயற்சி செய்ய வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், அதையும் செய்யாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

படங்கள் கிடைத்த பிறகு ஒரு நகல் போதாது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமியையும் 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயலையும் பார்த்த கரை இது. ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும், இன்னொன்றைக் கடலிலிருந்து தள்ளியிருக்கும் சொந்தக்காரர் வீட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜிபி வரை இலவசம், மிக முக்கியமான படங்களை அதிலும் ஏற்றுங்கள், வளைகுடாவிலிருந்து அவரும் பார்த்துக்கொள்ளலாம். பென் டிரைவை மட்டும் நம்பி வருஷக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

நகல் முடிந்ததும் அந்தப் புது டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, முதல் வருஷத்துப் படம் ஒன்று, நடுவில் ஒன்று, ஒரு வீடியோ என்று திறந்து பாருங்கள். எல்லாம் திறந்தால்தான் பழைய டிஸ்க்கைக் கழற்றச் சொல்ல வேண்டும்.