வாசகர் கேள்வி–பதில்: எர்த்சீ கதைகளை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

அர்சுலா கே. லெ க்வின் (1929–2018) படைத்த எர்த்சீ என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தைப் பற்றித்தான் இம்முறை அதிகக் கேள்விகள். ஐந்து நாவல்கள், ஒரு கதைத் தொகுப்பு, தொகுப்பில் சேராத நான்கு சிறுகதைகள், அவ்வளவுதான் மொத்தமும். முதல் கதை 1964-ல் வந்தது; கடைசிக் கதை அவர் மறைந்த ஆண்டில் வந்தது. முக்கியமான முடிச்சுகளை அவிழ்த்துவிடாமல் பதில் சொல்ல முயன்றிருக்கிறோம்.

கே: ஆறு புத்தகங்களும் கையில் இருக்கின்றன. 'தி ஃபைண்டர்' என்ற கதை மற்றதெல்லாவற்றுக்கும் முன்பே நடப்பது என்கிறார்கள். கால வரிசைப்படி அதிலிருந்து தொடங்கலாமா?
– வாசகி, திருச்சி

வேண்டாம். வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள்: 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ' (1968), 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971), 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972), 'டெஹானு' (1990), 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' (2001), 'தி அதர் விண்ட்' (2001). கடைசி இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை. தொகுப்பை முதலில் படித்துவிட வேண்டும். அதன் கடைசிக் கதையான 'டிராகன்ஃப்ளை', 'டெஹானு'வுக்கும் 'தி அதர் விண்ட்'டுக்கும் நடுவே போட்ட பாலம். அதைத் தாண்டிப் போனால், கடைசி நாவலில் இரியன் என்ற பெண் வந்து நிற்கும்போது அவள் யார், எல்லாரும் அவளை ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று புரியாது.

'தி ஃபைண்டர்', தொடரின் நாயகனான மந்திரவாதி கெடின் காலத்துக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகள் முந்தியது, உண்மைதான். ரோக் தீவின் மந்திரப் பள்ளி எப்படி உருவானது என்பது கதை. ஆனால் முதல் நாவலில் அந்தப் பள்ளியை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? அங்கே ஆண்கள் மட்டுமே படிக்கிறார்கள். பெண்களின் மந்திரம் என்றாலே பலவீனம், பொல்லாங்கு என்று கான்ட் தீவில் பழமொழியே வழங்குகிறது. 1968-ல் இதை யாரும் ஏனென்று கேட்காத ஊர்வழக்கம்போல எழுதிவிட்டுப் போன லெ க்வின், 33 ஆண்டுகள் கழித்து அந்த இடத்துக்கே திரும்பி வந்து, அந்தப் பள்ளிக்கு அடித்தளம் போட்டவர்கள் யார் என்று காட்டுகிறார். ஐந்தாவதாகப் படித்தால் அது ஒரு பதிலாக இருக்கும். முதலில் படித்தால் வெறும் தலவரலாறுதான்.

பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே கட்டாக வந்த பழைய பதிப்புகள் சிலவற்றில் மூன்று நாவல்கள் மட்டுமே இருக்கும், சிலவற்றில் நான்கு. 'டெஹானு'வின் முதல் பதிப்பு, எர்த்சீயின் கடைசிப் புத்தகம் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது. அதை நம்பி அங்கேயே நிறுத்தியவர்கள் நிறையப் பேர். பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். எல்லாம் ஒன்றாக வேண்டுமென்றால் 2018-ல் சார்லஸ் வெஸ் ஓவியங்களுடன் வந்த 'தி புக்ஸ் ஆஃப் எர்த்சீ'யில் நான்கு தனிக் கதைகளும் சேர்ந்தே இருக்கின்றன. படுத்துக்கொண்டு படிக்க மட்டும் ஆகாது, அவ்வளவு கனம்.

கே: முதல் நாவலை இரண்டே நாளில் முடித்தேன். இரண்டாவது நகரவே மாட்டேனென்கிறது. கெட் வரவே காணோம். நாலைந்து அத்தியாயங்களைத் தாண்டிப் போகலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

மொத்தம் 12 அத்தியாயங்களில் ஐந்தாவதில்தான் கெட் வருகிறார். பலரும் கைவிடுவது அதற்கு முன்னால்தான். ஆனால் அந்த நான்கு அத்தியாயங்களைத் தாண்டினால் ஐந்தாவதன் உயிரே போய்விடும்.

காரணம் இது. கல்லறைகளுக்கு அடியில் உள்ள குகைக்குள் விளக்கு கொண்டுபோவது பெரும்பாவம். பூசாரிப் பெண்ணான அர்ஹா அந்த இடத்தைக் கையால் தடவித் தடவித்தான் அறிந்திருக்கிறாள். சுவர் எங்கே வளைகிறது, காற்று எங்கே மாறுகிறது, எத்தனை வாசல் கடந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். நாமும் அவளோடு நான்கு அத்தியாயம் இருட்டிலேயே நடந்து பழகியிருப்போம். ஐந்தாவதில் அங்கே ஒரு வெளிச்சம். தன் சொந்த இடத்தை வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறாள். சுவரெங்கும் படிகங்கள் மின்னுகின்றன. இத்தனை காலம் விரலுக்குச் சொரசொரப்பாக மட்டுமே தெரிந்தது அதுதான். இருட்டில் இருந்து பழகாதவருக்கு அந்தப் பக்கம் ஓர் அழகான வருணனை, அவ்வளவே.

ஒரே மூச்சில் படிக்கிற வேகம் இந்த நாவலுக்கு ஒத்துவராது. இரவுக்கு இரண்டு அத்தியாயம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் இரவு வெளிச்சம் வந்துவிடும். முதல் நாவலுக்கு 10 அத்தியாயம், மூன்றாவதுக்கு 13, 'டெஹானு'வுக்கு 14. அவற்றுக்கும் இதே கணக்கு செல்லும். 'தி அதர் விண்ட்'டில் இருப்பவை ஐந்தே நீள அத்தியாயங்கள். அதை மட்டும் ஒரு விடுமுறை வாரத்துக்கு ஒதுக்குங்கள்.

கே: 'டெஹானு' பெரிய ஏமாற்றம். மந்திரமும் இல்லை, பயணமும் இல்லை. பண்ணை வீடு, ஆடு, சமையல் என்றே போகிறது. எழுதியவர் அதே ஆள்தானா?
– வாசகர், கோவை

அதே ஆள்தான், 18 ஆண்டு கழித்து. அந்த இடைவெளி எழுதியவருக்குத்தான். கதைக்குள் அது இல்லை. 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' முடிவதற்கு முன்பே 'டெஹானு' தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் படிக்கிறவர்களுக்குத்தான் இந்த ஏமாற்றம் பெரும்பாலும் வருகிறது. மூன்றாவது நாவலின் கடைசி அத்தியாயத்தையும், 'அட்டுவா'னின் கடைசி அத்தியாயத்தையும் மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, அன்றைக்கே 'டெஹானு'வை எடுங்கள். அட்டுவானில் அர்ஹா என்ற சிறுபெண்ணாக விட்டுவந்த டெனார் இதில் நடுவயது விதவை, பண்ணைக்காரி. கெட் தன் சக்தியையெல்லாம் செலவழித்துவிட்டு வெறும் மனிதராக வந்து சேர்கிறார். தீயில் எரிக்கப்பட்ட ஒரு குழந்தை இருக்கிறது. மந்திரம் இல்லாதவர்கள் எர்த்சீயில் எப்படி வாழ்கிறார்கள் என்று முதல் மூன்று நாவல்கள் கேட்கவில்லை. இது கேட்கிறது.

ஒரு காட்சியை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரு பெரிய மந்திரவாதி சாகும் தறுவாயில், யாரிடமும் எளிதில் சொல்லாத தன் மெய்ப்பெயரை டெனாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு வேறு இரண்டு மந்திரவாதிகள் வந்து, உடலை எங்கே புதைப்பது என்று தர்க்கம் செய்கிறார்கள். டெனார் அந்தப் பெயரைச் சத்தமாகவே சொல்கிறாள். அவர்கள் முகத்தைப் பார்த்தால், அந்தப் பெயர் அவர்கள் காதில் விழவேயில்லை என்று தெரிகிறது. பேசியது ஊர்க்காரி ஒருத்திதானே என்று கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். பெயரை அறிவதுதான் மந்திரம் என்று மூன்று நாவல்களாகச் சொல்லிவந்த உலகத்தில், பெயரைக் காதில் வாங்காத மந்திரவாதிகள்! வாள் எதுவும் உருவப்படாத இந்த இடம் எர்த்சீயிலேயே மிகக் கூர்மையான சண்டைக்காட்சி என்பது எங்கள் எண்ணம். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. டெனார் வாயிலாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர். தீவுகளோ கணக்கில்லை. எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?
– வாசகி, சேலம்

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: அழைக்கும் பெயர், மெய்ப்பெயர், அந்த மெய்ப்பெயர் யாரிடம் எந்த அத்தியாயத்தில் சொல்லப்பட்டது. பலர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கதை இருப்பதோ மூன்றாவது பத்தியில். உதாரணத்துக்கு, முதல் நாவலின் நாலாவது அத்தியாயத்தில் வெட்ச் தன் மெய்ப்பெயரைக் கெடிடம் சொல்கிறான். கெட் பெரும் பிழை செய்து, உடலும் மனமும் நொறுங்கிக் கிடக்கும் நேரம் அது. எர்த்சீயில் மெய்ப்பெயரைக் கொடுப்பது உயிரையே ஒருவர் கையில் கொடுப்பது. அந்தச் சமயத்தில் கொடுத்தான் என்று குறித்து வைத்தால், ஒன்பதாவது அத்தியாயத்தில் வெட்ச் மறுபடி வரும்போது நட்பின் எடை தெரியும்.

டெனார், அர்ஹா, கோஹா மூன்றும் ஒரே பெண்தான். மூன்றாவது நாவலில் வரும் அரென், லெபனென் ஒரே இளைஞன். கெட் என்பதை 'ஜெட்' என்று படிக்க வேண்டாம். 'கெஸ்ட்' என்கிறோமே, அந்தக் 'கெ'.

தீவுகளுக்கு வரைபடம் உண்டு. மின்புத்தகத்தில் அது தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் எழுத்து கலங்கும். ஒரு தாளில் அச்செடுத்து, கெடின் படகு போகும் வழியைப் பென்சிலால் வரைந்துகொண்டே வாருங்கள். கான்ட் வடகிழக்கில், ரோக் நடுவில், பெண்டோர் மேற்கில், ஆஸ்கில் வடக்கில், இஃபிஷ் தென்கிழக்கில். கோடு முதலில் மேற்கும் வடக்குமாக ஓடி ஒளிகிறது. பிறகு ஓரிடத்தில் திரும்பி, தெற்கும் கிழக்குமாகத் துரத்திக்கொண்டு போகிறது. ஓடுகிறவன் துரத்துகிறவனாக மாறும் அந்த இடத்தைத் தாளிலேயே விரல் வைத்துக் காட்டலாம்.

கே: 2006-ல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது, நான்காவது நாவல்களை விட்டுவிடலாமா?
– வாசகர், புதுச்சேரி

விடக்கூடாது. அந்தப் படம் அவ்விரண்டு நாவல்களிலிருந்தும் துண்டுகளை எடுத்து வேறொரு கதையாக்கியது. இன்னொன்று: கெட் செம்பழுப்பு நிறத்தவர், வெட்ச் நல்ல கறுப்பு. தீவுக்கூட்டத்தில் பெரும்பாலோர் மாநிறத்தினரே. வெள்ளைத் தோல் கிழக்கிலுள்ள தீவுகளின் கார்கிஷ் மக்களுக்குத்தான். லெ க்வின் இதை யோசித்துத்தான் வைத்தார். பழைய அட்டைப்படங்களும் 2004-ல் வந்த தொலைக்காட்சித் தொடரும் கெடை வெள்ளையராக்கியபோது அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். அட்டையில் இருப்பவரை மனத்தில் ஏற்றிக்கொள்ளாமல் வரிகளில் இருப்பவரைப் பாருங்கள்.

கே: 'தி விண்ட்ஸ் ட்வெல்வ் குவார்ட்டர்ஸ்' தொகுப்பில் எர்த்சீ கதைகள் இருக்கின்றனவாமே? முழுத் தொகுப்பையும் படிக்கலாமா?
– நூலகர், தஞ்சாவூர்

1975-ல் வந்த அந்தத் தொகுப்பின் 17 கதைகளில் எர்த்சீக்குரியவை இரண்டு. மற்றவற்றில் சில அவருடைய அறிவியல் புனைவு நாவல்களோடு ஒட்டியவை. 'செம்லீஸ் நெக்லஸ்' கதையே 'ரோகனன்ஸ் வேர்ல்ட்' (1966) நாவலின் முன்னுரைப் பகுதியாகவும் இருக்கிறது. ஆகவே ஒன்றைப் படித்தவர் மற்றதில் அதைத் தாண்டலாம். ஆனால் ஒருமுறையாவது படித்தே ஆக வேண்டும்: ஒரே ஓர் இரவுப் பயணம் என்று நம்பி நகையைத் தேடிப் போகிறாள் ஒருத்தி; திரும்பி வந்தால் விட்டுப்போன குழந்தை வளர்ந்த பெண்ணாக நிற்கிறாள். 'தி டே பிஃபோர் தி ரெவல்யூஷன்' கதையை 'தி டிஸ்பொசஸ்ட்' (1974) நாவலுக்குப் பிறகு வையுங்கள். கதைகளோடு ஆசிரியர் எழுதிய குறிப்புகளை, கதையை முடித்த பிறகு படிப்பது நல்லது.

கே: அப்படியானால் நான்கு தனிக் கதைகளை எங்கே செருகுவது?
– வாசகி, நாகர்கோவில்

1964-ல் வந்தவை இரண்டு. 'தி ரூல் ஆஃப் நேம்ஸ்' கதையை முதல் நாவலுக்கு முன்னால் தொடாதீர்கள். நாவலின் ஐந்தாவது அத்தியாயத்தில் கெட் பெண்டோர் டிராகனுக்கு முன் படகில் நின்று பேரம் பேசுகிறார். அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் எதுவோ, அதை அந்தச் சிறுகதை முன்னாலேயே சொல்லிவிடும்.

'தி வர்ட் ஆஃப் அன்பைண்டிங்' கதையை 'தி ஃபார்தெஸ்ட் ஷோ'ருக்கு முந்தின நாள் படியுங்கள். அதில் ஒரு பூதம் வரும். பிந்திய நாவல்களில் அந்த இனமே கிடையாது, குழம்ப வேண்டாம். உலகம் இன்னும் உருவாகி முடியாத காலத்துக் கதை அது. முக்கியம் என்னவென்றால், இறந்தோர் நிலம் முதன்முதலில் தென்படுவது அதில்தான். நோயில் கிடக்கும், படகு கட்டுபவர் ஒருவரின் குழந்தையின் பின்னாலேயே கெட் அந்த நிலத்தின் தாழ்ந்த கற்சுவர் வரை போனதை முதல் நாவலில் படித்திருப்பீர்கள். அவர் வளர்த்த சின்னஞ்சிறு பிராணி நக்கி நக்கித்தான் அவரை மீட்டது. அந்தச் சுவர் எங்கே வந்தாலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தச் சுவரைப் பற்றி 2001-ல் 'தி அதர் விண்ட்'டில் லெ க்வின் என்ன முடிவெடுத்தார் என்று பார்க்கும்போது அந்தக் கோடுகள் உதவும்.

2014-ல் வந்த 'தி டாட்டர் ஆஃப் ஓட்ரென்' கெட் வராத பழிவாங்கும் கதை. தொகுப்பு முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். 'ஃபயர்லைட்' மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசி. கெட் முதியவராகிவிட்ட காலத்தில் நடப்பது; ஒரே அமர்வில் முடிந்துவிடும். கெட் முதல் நாவலில் போன தீவுகளும் படகும் அதில் நினைவாக வந்து போகும். ஆகவே வரைபடத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.