ஹூட் வேண்டாம், வாரனை எடுத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 'திடமானவர், ஆனால் அதிர்ஷ்டம் கெட்டவர்' என்று சொல்லத்தக்க ஒரு தளபதியைப் பற்றிக் கருத்தரங்கில் 20 நிமிடம் பேச வேண்டும். ஜான் பெல் ஹூடைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவர் தோற்றது துரதிர்ஷ்டத்தால்தான் என்று எப்படி நிறுவுவது?

பதில்: ஹூடின் திடத்தைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் குண்டு பட்டு இடது கை செயலிழந்தது. செப்டம்பரில் சிக்கமாகாவில் வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே தென்தரப்பின் ஒரு பெரும்படைக்குத் தலைமை ஏற்றார். சேணத்தோடு உடம்பைக் கட்டிக்கொண்டுதான் குதிரையில் உட்கார முடிந்தது.

துரதிர்ஷ்டம் என்று ஆரம்பித்தால்தான் மாட்டிக்கொள்வீர்கள். 1864 நவம்பர் 30 அன்று டென்னஸி மாநிலத்தின் ஃப்ராங்க்ளினில், மண் அரணுக்குப் பின்னால் காத்திருந்த எதிரியை நோக்கி, திறந்தவெளியில் சுமார் 20,000 பேரை நேராக அனுப்பினார். 6,000க்கும் அதிகமானோர் செத்தோ, காயம்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். ஆறு தளபதிகள் உயிரிழந்தார்கள். முந்தின இரவு ஸ்பிரிங் ஹில்லில் அதே எதிரிப்படை இவர்கள் முகாமை ஒட்டிய சாலையிலேயே நழுவிப் போனதே, அதை வேண்டுமானால் கெட்ட நேரம் என்று வாதிடலாம். மறுநாள் தாக்குதல் அவர் எடுத்த முடிவு. சுற்றிப் போய் மடக்கலாம் என்று அவருடைய குதிரைப்படைத் தளபதி ஃபாரஸ்ட் சொல்லியும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, எது அவர் கையில் இருந்தது? யாரை எடுத்தாலும் இதைத்தான் முதலில் கேளுங்கள். ஷைலோ போரில் இறந்த தென்தரப்புத் தளபதி ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டனும் இதில் தேறமாட்டார் என்பது என் எண்ணம். முழங்காலுக்குப் பின்னால் குண்டு துளைத்து, பூட்ஸுக்குள் ரத்தம் நிரம்பியது. ரத்தத்தை நிறுத்தும் கட்டுப்பட்டி அவர் பையிலேயே இருந்தது. மருத்துவரைத்தான் காயம்பட்டவர்களைக் கவனிக்கச் சொல்லி அவரே அனுப்பிவிட்டிருந்தார்.

சரி, அப்படியானால் யார்? வடதரப்பின் ஜி. கே. வாரன்.

வாரன் பொறியாளர், வரைபடம் வரைந்து பழகிய கண். கெட்டிஸ்பர்க்கின் இரண்டாம் நாள், லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் ஏறிப் பார்த்தால் சமிக்ஞைக் கொடி காட்டும் சிலரைத் தவிர ஆளே இல்லை. எதிரே காட்டுக்குள் ஒரு பீரங்கிக் குண்டு வீசச் சொன்னார். அந்தச் சத்தத்துக்கு, மறைந்திருந்த வீரர்கள் திரும்பிப் பார்த்தபோது துப்பாக்கிக் குழல்களிலும் ஈட்டிமுனைகளிலும் வெயில் பட்டு மின்னியது என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். உடனே ஆள் அனுப்பி, தானும் ஓடி, வந்த படைகளைக் குன்றுக்குத் திருப்பினார். குன்று தப்பியது.

1865 மார்ச் 31 இரவுக்கு வாருங்கள். வர்ஜீனியாவில் வடதரப்புத் தளபதி ஷெரிடனின் குதிரைப்படைக்குத் துணையாக, வாரனின் ஐந்தாவது படைப்பிரிவு இருட்டில் கிளம்ப வேண்டும். உத்தரவுகள் மாறி மாறி வந்தன. வழியில் கிராவலி ரன் ஓடைமீது பாலம் இல்லை. அதைக் கட்டி முடிக்கவே நள்ளிரவு தாண்டிவிட்டது. ஷெரிடனோ கோபத்தில் இருந்தார். தேவைப்பட்டால் வாரனை நீக்கலாம் என்று மறுநாள் தாக்குதலுக்கு முன்பே வடதரப்பின் தலைமைத் தளபதி கிராண்ட் அவருக்கு அனுமதியும் அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 1 மாலை, ஃபைவ் ஃபோர்க்ஸ் என்ற சாலைச் சந்திப்பு. ஷெரிடன் காட்டிய இடத்தில் எதிரி அணிவரிசையின் இடது முனை இல்லை. அது இன்னும் மேற்கே தள்ளியிருந்தது. முன்னே போன கிராஃபோர்டின் டிவிஷன் காட்டுக்குள் விலகிப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர வாரனே குதிரையில் போனார். அந்த நேரம் பார்த்து ஷெரிடன் தேடினார், ஆள் இல்லை. கடைசித் தாக்குதலில் படைப்பிரிவின் கொடியைக் கையில் பிடித்து வாரன் முன்னே போக, அவர் குதிரை சுடப்பட்டது. போர் ஜெயித்தாயிற்று. அன்று மாலையே பதவி நீக்க உத்தரவு வந்தது. நேரில் போய் மறுபடி யோசிக்கக் கேட்டும் ஷெரிடன் மசியவில்லை. எட்டு நாளில் தென்தரப்பின் தலைமைத் தளபதி லீ சரணடைந்தார். அந்த வெற்றியில் வாரனுக்கு இடமில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

விசாரணை வேண்டும் என்று வாரன் ஆண்டுக்கணக்காகக் கேட்டார். கிராண்ட் ஜனாதிபதியாக இருந்தவரை அது நடக்கவில்லை. அடுத்து வந்த ஜனாதிபதி ஹேய்ஸ்தான் 1879இல் விசாரணை மன்றம் அமைத்தார். மார்ச் 31 பற்றிச் சில குறைகளை மன்றம் சுட்டிக்காட்டியது. ஃபைவ் ஃபோர்க்ஸ் பற்றிய முக்கியக் குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை. அந்த முடிவு வெளியானது 1882 நவம்பரில். வாரன் ஆகஸ்ட் 8 அன்றே இறந்துவிட்டார். சீருடையோ ராணுவ மரியாதையோ இல்லாமல் அடக்கம் செய்யச் சொல்லியிருந்தார்.

உங்கள் வேலைக்கு இன்னொரு வசதி: அந்த மன்றத்தின் சாட்சியங்கள் அச்சிலேயே இருக்கின்றன. ஷெரிடன் சொன்னதையும் வாரன் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஃபைவ் ஃபோர்க்ஸ் வரைபடத்தைத் திரையில் போட்டு, எதிரியின் முனை இருப்பதாக நினைத்த இடத்தையும் உண்மையில் இருந்த இடத்தையும் இரு நிறத்தில் குறித்துக் காட்டுங்கள். பேச்சைக் கெட்டிஸ்பர்க்கில் ஆரம்பிக்காமல் அந்த இல்லாத பாலத்திலிருந்து ஆரம்பித்தால் 20 நிமிடம் சரியாக இருக்கும்.