கொழும்பு வெயிலுக்குப் பழகியவருக்குப் பாலைவன நடை சுலபமா?

அரிசோனாவில் பாலைவனப் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் பவெல் ஏரிக்கு நடந்து இறங்கப் போகிறீர்கள், "வெள்ளவத்தை வெயிலில் வளர்ந்த எனக்கு இது பெரிய விஷயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, அந்தப் பழக்கம்தான் உங்களை ஏமாற்றும்.

காலிமுகத்திடலில் பத்து நிமிடம் நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிவிடும். காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. பாலைவனத்தில் வியர்வை வந்த வேகத்திலேயே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், ஓரங்களில் வெள்ளையாக உப்பு மட்டும் படியும். உடம்பு தண்ணீர் இழப்பதே தெரியாது. மணிக்கு அரை லீட்டர் முதல் ஒரு லீட்டர் வரை தேவைப்படும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரலாம். நம்மூர் பாமசியில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூளான ஜீவனி நாலு பைக்கற் வாங்கிப் பையில் போடுங்கள், கூடவே கொறிக்க உப்பு மிக்சரும்.

இன்னொன்று, மலையேற்றத்துக்கு இது நேர் தலைகீழ். சிவனொளிபாத மலையில் களைத்தால் திரும்பி இறங்கலாம். பள்ளத்தாக்கிலோ இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில், அதுவும் உச்சி வெயிலில். ஆகவே விடியமுன் கிளம்புங்கள். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்கவே வேண்டாம். ஏரித் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்காதீர்கள்.

வானம் நீலமாக இருந்தாலும் பாறைகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய பிளவுகளுக்குள் நுழையுமுன் மழை எச்சரிக்கையைப் பாருங்கள். 1997 ஆகஸ்டில் அந்த ஏரிக்குப் பக்கத்திலுள்ள அன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே அல்ல, பல கிலோமீற்றருக்கு அப்பால்.