எத்தனை விட்ட உறவு?

உயிரினங்களின் உறவு குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு உயிரியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

ஈசூன் வாசகர்: எல்லா உயிர்களும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்றால், சிலவற்றை மட்டும் தூரத்து உறவு என்பது ஏன்?

பதில்: ஒன்றுவிட்ட அண்ணனுக்கும் நமக்கும் தாத்தா பொது, இரண்டுவிட்டவருக்கும் நமக்கும் கொள்ளுத்தாத்தா பொது என்று வீட்டில் எண்ணுகிறோம் அல்லவா, இங்கும் அதே கணக்குதான். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நமக்கும் தாவரங்களுக்கும் பொதுவானதோ 100 கோடி ஆண்டுகளுக்கும் வெகு முன்னால் வாழ்ந்தது. (சம்பந்திகளுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.)

கிராஞ்சி வாசகர்: சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் உடும்பையும் முதலையையும் ஒரே நாளில் பார்த்தோம். இரண்டும் நெருங்கிய சொந்தமா?

பதில்: தோற்றம் அப்படித்தான் எண்ண வைக்கும். ஆனால், அந்த முதலைக்கு உடும்பைவிட நெருங்கிய சொந்தம், அதே சேற்றில் மீன் தேடி நிற்கும் கொக்குதான். முதலைகளும் பறவைகளும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை. உடும்பின் கிளை அதற்கு முன்பே பிரிந்துவிட்டது. முதலையின் இதயத்திலும் பறவையின் இதயத்திலும் நான்கு முழுமையான அறைகள் உண்டு. கூடு கட்டி முட்டைகளைக் காத்து, பொரித்த குஞ்சுகளை வாயில் ஏந்தி நீரில் விடும் தாய் முதலையைப் பார்த்தவர்கள் இந்த உறவைக் கேட்டு அவ்வளவாக வியப்பதில்லை. உடும்பும் முதலையும் பழைய உடற்கட்டைப் பெரிதும் வைத்துக்கொண்டிருக்க, பறவை வெகுவாக மாறிவிட்டதால் நாம் ஏமாறுகிறோம். வெளிநாடு போய் நடையுடை மாறிவந்த அண்ணனைவிட, நம்மைப் போலவே வேட்டி கட்டும் அடுத்த வீட்டுக்காரர் நெருங்கிய உறவாகிவிடுவாரா?

அதே வாசகர்: அப்படியானால் உடும்புக்குக் கொக்கைவிட முதலைதானே நெருக்கம்?

பதில்: இல்லை, இரண்டும் ஒரே தூரம். உங்கள் இரண்டுவிட்ட சகோதரருக்கு நீங்களும் உங்கள் தங்கையும் எப்படியோ, அப்படி.

தேக்கா வாசகர்: டுரியான் பலாவுக்குச் சொந்தம்தானே?

பதில்: முள்தோலும் வாசமும் தனித்தனியே வாய்த்தவை. பலா, ஆல், அத்தி ஆகியவை ஒரு குடும்பம். டுரியானோ வெண்டை, செம்பருத்தி, பருத்தி ஆகியவற்றின் குடும்பம். உங்கள் ஊர்ச் சந்தையில் அதன் சொந்தக்காரரைக் காய்கறிக் கடையில் தேடுங்கள். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2017இல் டுரியானின் மரபணுத் தொகுதியை வாசித்து வெளியிட்டபோது, கொக்கோவோடு அதற்குள்ள உறவு ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுப் பழமையானது என்று கணித்தார்கள்.

பிடோக் வாசகர்: வாழைக்கும் நமக்கும் 50 விழுக்காடு ஒற்றுமை என்கிறார்களே?

பதில்: எதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேட்பேன். உயிரணுவை நடத்தும் அடிப்படை வேலைகளுக்கான மரபணுக்களில் பலவற்றுக்கு இரு பக்கமும் இணை உண்டு என்பது உண்மையே. அதற்காக, மொத்தத் தொகுதியில் பாதி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறது என்று பொருளாகாது.