சுரினாமை நியூயார்க்குக்கு மாற்றாகக் கொடுத்தார்கள் என்பது உண்மையா? அங்கே வாழ்பவர்கள் யார், தமிழர்கள் உண்டா?

பாதி உண்மை. 1664-ல் ஆங்கிலேயர்கள் நியூ ஆம்ஸ்டர்டாமைப் பிடித்தார்கள். அதுதான் இன்றைய நியூயார்க். 1667 தொடக்கத்தில் டச்சுக்காரர்கள், தென் அமெரிக்காவின் வடகரையில் ஆங்கிலேயர் வைத்திருந்த சுரினாமைப் பிடித்தார்கள். அதே ஆண்டு பிரெடா உடன்படிக்கையில் ‘பிடித்தது பிடித்தவனுக்கு’ என்று முடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். டச்சுக்காரன் ஏமாந்தான் என்று சிரிப்பவர்கள் உண்டு. அன்றைய கணக்கில் ஏமாறவில்லை. கரும்பில்தான் காசு இருந்தது.

அந்தக் கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். என்னைக் கேட்டால், நியூயார்க் கதையைவிட முதலில் சொல்ல வேண்டியது மரூன்களைப் பற்றி. தோட்டங்களிலிருந்து தப்பியோடி, ஆற்றோரக் காடுகளுக்குள் ஊர் அமைத்து, அதே தோட்டங்களைத் திரும்பத் திரும்பத் தாக்கியவர்கள். படை அனுப்பியும் அடக்க முடியாமல், காலனி அரசே இறங்கிவந்து 1760-ல் மரூன்களில் ஒரு பிரிவான என்ட்யூகா மக்களோடும் 1762-ல் இன்னொரு பிரிவான சரமாக்கா மக்களோடும் சமாதான ஒப்பந்தம் போட்டது. இனிமேல் தப்பி வருகிறவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. கசப்பான சுதந்திரம்தான். ஆனாலும் அடிமை முறை ஒழிய இன்னும் நூறு வருஷம் இருந்தபோது வாங்கிய சுதந்திரம்.

1863 ஜூலை 1-ல் ஒழித்தார்கள். நஷ்டஈடு யாருக்கு? ஓர் அடிமைக்கு 300 கில்டர் வீதம் முதலாளிக்கு! விடுதலையானவர்கள் மேலும் பத்து வருஷம் ஒப்பந்தக் கூலியாக உழைக்க வேண்டும். அந்தப் பத்து வருஷம் முடிகிற நேரத்தில், 1873 ஜூனில், ‘லல்லா ரூக்’ கப்பல் இந்தியக் கூலிகளோடு வந்து நின்றது. 1890-லிருந்து ஜாவாக்காரர்கள்.

1975 நவம்பர் 25-ல் சுதந்திரம். அதையொட்டிய ஆண்டுகளில் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நெதர்லாந்துக்குக் கிளம்பிவிட்டது. நான் இருக்கும் ஹேக் நகரத்தில் சுரினாம் ரொட்டிக் கடைக்குப் பஞ்சமே இல்லை. பருப்புப் பொடி அடைத்த ரொட்டி, கோழிக்கறி, உருளைக்கிழங்கு, நீளக் காராமணி, ஓர் அவித்த முட்டை, கையால்தான் சாப்பிடுவார்கள். வயதானவர்கள் ‘சர்னாமி’ பேசிக்கொள்வார்கள். போஜ்புரி, அவதியிலிருந்து அங்கே உருவான மொழி அது.

தமிழர்கள்? தேடினால் ஏமாற்றம்தான். சுரினாமுக்கு ஆள் ஏற்றிய துறைமுகம் கல்கத்தா. போனவர்கள் பெரும்பாலும் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். அந்தப் பக்கத்தில் நம்மவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மார்த்தினிக், குவாதலூப் தீவுகள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கூட்டிப் போனது அங்கேதான்.